சனிக்கிழமைப் புளியோதரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே ஏழு வருடம் போய்விட்டது. மூன்று முறை மகளின் பழைய நோட்டில் எழுத ஆரம்பித்து, ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கிழித்துப் போட்டிருக்கிறேன். நான் ஒன்பதாவது வரைதான் படித்தவள். எழுத்துப் பிழைக்குப் பயந்து நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. என் பிள்ளை விஷயத்தில் நான் செய்த தப்பு என் சாமி விஷயத்தோடு சேர்ந்து கிடக்கிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் கை நின்றுவிட்டது. இப்போது பெருமாளிடமே உத்தரவு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

காரைக்குடி பக்கம் அமராவதிபுதூரில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் காரைக்குடியில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண், இது நடந்தபோது அவளுக்கு ஏழு வயது. சின்னவனுக்கு மூன்று. அடுத்த தெருவில் என் நாத்தனார் இருக்கிறார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவருக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பிள்ளைகளைத்தான் தன் பிள்ளைகளாக நினைத்து வளர்த்தவர்.

மகளுக்கு நாலு வயதில் ஆரம்பித்தது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு போகும். வாயெல்லாம் புண். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். பூச்சி மருந்து கொடுத்தோம், டானிக் கொடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றால் இவள் அங்கன்வாடிப் பிள்ளை மாதிரி தெரிவாள். கடைசியில் மதுரையில் ஒரு குழந்தை டாக்டர் ரத்தம் எடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, காரணத்தைச் சொன்னார்.

"கோதுமையில இருக்கிற ஒரு சத்து இந்தப் பிள்ளையோட குடலுக்கு ஆகாதும்மா. உள்ள போனா குடலை அரிச்சிடும். இதுக்கு மாத்திரை கிடையாது. கோதுமை ஒரு துளி போகாமப் பார்த்துக்கிட்டா, குடல் தானா ஆறிடும். சாப்பாடுதான் மருந்து. அது உங்க கையிலதான் இருக்கு."

ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரட், பரோட்டா, பார்லி. பாக்கெட்டில் எப்படிப் போட்டிருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே இங்கிலீஷிலும் எழுதினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. நாங்கள் சோறு தின்கிற சனம். கோதுமை எங்கள் வீட்டுக்குள் வருவதே என்றைக்காவது பூரி, என்றைக்காவது உப்புமா. நாத்தனாரிடம் வந்து சொன்னதும் அவரும் சிரித்தார்.

"கோதுமை திங்காட்டி என்னத்தா இப்ப? அவ என்ன டில்லியிலயா வாக்கப்படப் போறா? பாத்து முடிச்சு வைப்போம், நெல்லு வெளையிற ஊரா."

அன்றைக்கே சமையல்கட்டைக் கழுவினேன். ரவை, சேமியா, சப்பாத்தி மாவு எல்லாவற்றையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சப்பாத்தி போட்ட கல்லில் மகளுக்குத் தோசை வார்க்கக் கூடாது என்று புதுக் கல் வாங்கினோம். மாவு மில்லில் முதலில் யாரோ கோதுமை அரைத்திருந்தால் நம் அரிசி மாவிலும் ஒட்டும் என்று எனக்கே தோன்றியது. அதிலிருந்து இடியாப்ப மாவை வீட்டிலேயே மிக்சியில் அரைத்துச் சலித்தேன். காலையில் இட்லி, இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். மத்தியானம் சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை, ரசம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பணியாரம், அல்லது உளுந்தும் பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் கும்மாயம், நெய் விட்டு. ஞாயிற்றுக்கிழமை கோழியைத் தண்ணிக்குழம்பாக, காரம் குறைத்து வைப்பேன். அந்த ஆறு மாதம் நான் சமைத்த மாதிரி சுத்தமாக என் வாழ்நாளில் சமைத்ததில்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். மகளை எடை பார்த்தார்கள். நர்ஸ் இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். மிஷினில் கோளாறோ என்று நினைத்திருக்கிறாள். மிஷினில் கோளாறு இல்லை. எடை ஏறவே இல்லை. ரத்தமும் பழைய மாதிரியே இருந்தது.

டாக்டர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பிள்ளைக்கு யாரோ கொடுக்கிறாங்க. இல்லன்னா பிள்ளையே எங்கயோ வாங்கித் திங்குது. வீட்டுல நல்லா விசாரிங்க."

"நாங்க குடுக்கலைங்க," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க கொடுக்கிறீங்கன்னு சொல்லலை. ஆனா உள்ள போகுது. இன்னும் மூணு மாசம் பாப்போம். அப்பவும் குறையலைன்னா அட்மிட் பண்ணி, மறுபடி குழாய் விட்டு, வேற மருந்து ஆரம்பிக்கணும். அது சின்ன மருந்து இல்ல. அதுவரைக்கும் என்ன சாப்பிடுறா, வயிறு எப்படி இருக்குன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதுங்க."

மூன்று மாதம். அந்த வார்த்தை என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அரிவாள்மனையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் எப்போதும் இருக்கும்.

"மதினி, பிள்ளைக்கு பிஸ்கட் ஏதும் குடுத்தீகளா?"

நறுக்குவதை நிறுத்தவில்லை. "குடுத்தா சொல்ல மாட்டேனா?"

"தெரியாம, ஒண்ணு ரெண்டு கேட்டாளேன்னு..."

"அவளைக் கொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

"நான் அப்படிச் சொல்லல மதினி."

"நீ சொல்லல. நீ வந்து நிக்கிற நிப்பு சொல்லுது. போத்தா, அடுப்புல ஏதாச்சும் வச்சுட்டு வந்திருப்ப."

பத்து நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டுக்காரர் என்னோடு பேசினார். ஆனால் சாப்பிடும்போது தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

அடுத்து மகளைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பேன். பைக்குள் கைவிட்டுத் துழாவுவேன். ஒருநாள் அவள் பாவாடையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. என் கண் இருண்டுவிட்டது.

"என்னடி இது?"

"தம்பி கையைத் தொடச்சான்மா."

"பொய் சொல்லாத. தின்னியா இல்லையா?"

"இல்லம்மா."

அடித்துவிட்டேன். முதுகில் இரண்டு. அடித்த கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. சின்னவன் எட்ட நின்று தன் பிஸ்கட்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அன்றோடு அவனுக்கும் பிஸ்கட்டை நிறுத்தினேன். அப்படியும் மகளுக்கு ஒன்றும் குறையவில்லை.

எங்கும் வழி இல்லை என்று ஆனபிறகுதான் திருக்கோஷ்டியூருக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்க முடியாது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேண்டுதல் உள்ளவர்கள் அந்தப் பெருமாள் கோவிலிலிருந்து ஒரு விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, பூஜையில் வைத்துக் கும்பிடுவார்கள். காரியம் நிறைவேறியதும் திரும்பக் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். நான் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பிள்ளைக்குச் சரியாகும் வரை சனிக்கிழமைதோறும் வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்து, உனக்குப் படைத்து, முதல் கவளத்தை அவளுக்கு ஊட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பெருமாளுக்கு என்றால் புளியோதரை. கூட ஒரு ரசம், தாளித்த தயிர்ச்சோறு. படைக்கிற சாப்பாட்டை முதலில் நாம் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, புளி, உறைப்பு எதையும் நாக்கில் வைக்காமல் சமைக்க வேண்டும். அதனால் எனக்கு மூக்குத்தான் கணக்கு. வெங்காயம் பூண்டு போட்டால் அதுவே மணந்துவிடும். அது இல்லாத சமையலுக்குப் பெருங்காயம்தான் ஆதாரம். நல்லெண்ணெயில் பெருங்காயத்தூளைப் போட்டதும் மணம் கிளம்பி வாசல்வரை வர வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் போடுவேன். ரசத்திலும் தயிர்ச்சோற்றிலும் அப்படித்தான்.

முதல் சனிக்கிழமை மகள் நன்றாகச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். நாலு தடவை போனது. நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் கோபத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வாய்வாத்தான் இருக்கும். மோருல பெருங்காயத்தைக் கரைச்சுக் குடு ஆத்தா. நம்ம வீட்டு வயித்துக்கு அதைவிட்டா மருந்தேது?"

ஒரு தம்ளர் மோரில் அரைத் தேக்கரண்டி பெருங்காயத்தூள், கொஞ்சம் உப்பு. கரைத்துக் கொடுத்தேன். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

டாக்டர் சொன்னபடி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். நாலாவது வாரம், எழுதியதைப் பின்னால் திருப்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது. மற்ற நாள்களில் வயிறு முன்பின்னாக இருந்தது. ஞாயிறு, திங்களில் மட்டும் மோசமாக இருந்தது. நாலு வாரமும் அப்படியே. சனிக்கிழமை நான் சாமிக்குப் படைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளை சுருண்டு விழுகிறாள். என் கையெழுத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் வேண்டுதலைப் பெருமாள் தள்ளிவிட்டாரா? அல்லது நான் ஏதாவது தீட்டோடு சமைத்தேனா? வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மகளுக்கு வயிறு போனதை நோட்டில் எழுதாமல் விட்டேன். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து என் விரதத்தை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நிறுத்தினால் சாமி குத்தம். நிறுத்தாவிட்டால் பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எழுத வேண்டிய இடத்தை வெறும் கோடாக விட்டுவிட்டேன்.

நாத்தனாரிடம் மட்டும் பாதி சொன்னேன்.

"விளக்கை வீட்டுக்குக் கொண்டாந்துட்டு அரைகுறையாச் செய்யக் கூடாதுத்தா," என்றார். "எங்கயோ குறை வச்சிருக்க. புதங்கிழமையும் பெருமாளுக்குத்தான். அன்னைக்கும் செஞ்சு பாரு."

புதன்கிழமையும் சேர்த்தேன். அதற்குப்பிறகு வியாழக்கிழமையும் மகள் படுத்தாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. தலை வாரும்போது சீப்போடு முடி கொத்தாக வந்தது. டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் இரண்டு மாதம் முடிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை. குளித்துவிட்டு ஈரத் துணியோடு அடுப்படியில் நின்றேன். சோறு வடித்து ஆற வைத்திருந்தது. புளியைக் கரைத்து வாணலியில் கொதிக்க விட்டிருந்தேன். நாத்தனார் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாழை இலை வாங்கப் போயிருந்தார். மகள் வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

என்னை அந்தக் கேள்வி குத்தியது. "சொல்லு."

"எனக்கு சாமி சாப்பாடு வேணாம்மா."

"ஏன்?"

"அது சாப்பிட்டா வலிக்குதும்மா. நேத்து வச்ச கீரைச் சோறு மாதிரி வேற ஏதாச்சும் குடும்மா. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், கோவிச்சுக்க மாட்டாரு."

சாமி சாப்பாட்டைப் பழிக்காதே என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நான் நோட்டில் எழுதாமல் மறைத்ததைத்தான் அந்தப் பிள்ளை என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தது. இவளும் நாலு வாரமாய், ஆறு வாரமாய் அதைத் தெரிந்துவைத்திருக்கிறாள். அடிக்குப் பயந்து தின்றிருக்கிறாள்.

அடுப்பைத் தணித்தேன். அந்த இடத்தில் பெருமாள் எனக்குக் கொடுத்த புத்தி என்றுதான் நினைக்கிறேன்: சாமியைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, சமையல்காரியாக யோசித்தேன். சனிக்கிழமைச் சாப்பாட்டில் மற்ற நாளில் இல்லாதது எது? அரிசி தினமும் உண்டு. புளி தினமும் உண்டு. நல்லெண்ணெய், மிளகாய், கடுகு, கடலைப்பருப்பு, தயிர், எல்லாம் இவள் தினமும் சாப்பிடுகிறவைதான். வெங்காயம் பூண்டு இல்லை. இல்லாதது எப்படி வலி கொடுக்கும்? கூடுதலாக இருப்பது எது என்று வாணலியைப் பார்த்தேன். தாளிப்பதற்காகக் கையில் எடுத்து வைத்திருந்த டப்பாவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மோரிலும் இதைத்தானே கரைத்துக் கொடுத்தேன்.

பெருங்காயம். நானும் என் அம்மாவும் வயிற்று வலிக்கென்று தின்று வளர்ந்த பெருங்காயம்.

டப்பாவின் பின்னால் பொடிப்பொடியாக இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அதுவும் அந்த அளவு எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். கடைக்குப் போனால் பாக்கெட்டில் இந்த எழுத்து இருக்கிறதா என்று மகளே பார்க்கட்டும் என்று அவளுக்கு அந்த வார்த்தைகளைப் பழக்கியிருந்தேன். மிட்டாயில் பார்த்தோம், மிக்சரில் பார்த்தோம், சத்துமாவில் பார்த்தோம். அஞ்சறைப்பெட்டிச் சாமானில் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இங்குட்டு வா. இதுல அந்த எழுத்து இருக்கான்னு பாரு."

டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு விரலை வைத்து வைத்துப் போனாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"டபிள்யூ, ஹெச், இ, ஏ, டி. இருக்கும்மா. அந்த கோதுமைதான்."

"நல்லாப் பாரு."

"அதான்மா. எஃப்னு ஆரம்பிச்சு இன்னொண்ணும் இருக்கு, அது எனக்குத் தெரியல."

வாசலில் இருந்து நாத்தனார் குரல் கொடுத்தார்.

"என்னத்தா, இன்னும் பெருங்காய வாசத்தையே காணோம். சாமி எந்நேரம்தான் காத்திருக்கும்?"

இலைக்கட்டோடு வீட்டுக்காரர் உள்ளே வந்தார். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். போனில் லைட்டைப் போட்டு, டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், இரண்டு முறை படித்தார்.

"கோதுமை மாவு கலந்திருக்குன்னுதான் போட்டிருக்கு," என்றார். "தனிப் பெருங்காயம் கடுமையா இருக்கும்ல. மாவைக் கலந்துதான் தூளாக்குறாங்க போல."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எம்புட்டு நாளாப் போடுற?"

"தெனமும் ரசத்துல ஒரு சிட்டிகை. சனிக்கிழமையும் புதன்கிழமையும் நெறைய." அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை மோசமா ஆகுறது எனக்குத் தெரியும். நோட்டுல எழுதாம விட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவை மூடி, மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே நின்றார்.

நாத்தனார் பூவை மடியில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார். அப்படியே அம்மிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மோருல வேற கரைச்சுக் குடுக்கச் சொன்னேனே. நான்ல சொன்னேன்." பிறகு, "ஊரெல்லாம் தேடுன திருடன் ஒன் அஞ்சறைப்பெட்டியிலயா இருந்திருக்கான். நாம எம் பிஸ்கட் டப்பாவுக்குக் காவல் இருந்திருக்கோம்," என்றார். சிரிக்கத்தான் சொன்னார். குரல் சிரிக்கவில்லை.

பெருங்காயம் இல்லாமல் புளியோதரை மணக்காது என்று புளிக்காய்ச்சலைப் பாதியில் நிறுத்தினேன். நான் வேறு பாத்திரத்தைக் கழுவிப் பாசிப்பருப்பை வேக வைத்தேன். கொஞ்சம் சீரகம், ஒரு துண்டு இஞ்சி, உப்பு, மேலே நெய். சோற்றில் பிசைந்தேன்.

"சாமிக்கு இதையா படைக்கிறது?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டார். "ஒரு புளியோதரை இல்ல, தயிர்ச்சோறு இல்ல. வேண்டுனது வேண்டுனபடி செய்யணும்ல?"

அதற்கு வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "வேண்டுனது பிள்ளை நல்லாருக்கணும்னு. அவ திங்கக்கூடியது எதுவோ அதத்தான் அவருக்கும் வைக்கணும். புளிக்காய்ச்சலை நாம முடிச்சுக்கிருவோம் அக்கா, நமக்கு ஒண்ணும் ஆகாது. எங்குட்டுக் கொண்டுபோய்க் கொட்டுறது?"

பருப்புச் சோற்றை விளக்கு முன்னால் வைத்தேன். மந்திரம் எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததை மன்னித்துக்கொள், தெரிந்தே மறைத்ததையும் மன்னித்துக்கொள் என்றேன். முதல் கவளத்தை ஊட்டும்போது மகள் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்தோம். டப்பாவில் இருப்பதை வீட்டுக்காரர் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இது என் லிஸ்ட்ல இல்லீங்க," என்றார் டாக்டர். "நான் சொல்லியிருக்கணும். உடனே நிறுத்துங்க. ஆனா இது மட்டும்தான் காரணமான்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். இன்னையிலேர்ந்து மூணு மாசம் வச்சுக்குவோம்."

மட்டும்தானா என்று அவர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வாரம் அஞ்சறைப்பெட்டியில் இருந்ததையெல்லாம் கவிழ்த்தேன். கடைத் தூள் ஒன்றும் வேண்டாம் என்று மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு எல்லாவற்றையும் முழுசாக வாங்கிக் காயவைத்து நானே அரைத்தேன். பெருங்காயம் இல்லாத ரசம் முதலில் எனக்கே இறங்கவில்லை. மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, பூண்டை நசுக்கிப்போட்டு, கருவேப்பிலையைக் கூட்டி வைக்கப் பழகினேன். படைக்கிற நாளில் பூண்டுக்குப் பதில் இஞ்சி. நோட்டில் ஒரு நாள்கூட விடாமல் எழுதினேன். ஒரு ஞாயிறு நன்றாக இருந்தாள். அடுத்த ஞாயிறு மறுபடி வயிறு வலித்தது. அன்று பூராவும் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. அதையும் நோட்டில் எழுதினேன். ஆறிவருகிற குடல் ஒரே நாளில் ஆறாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து மதுரையில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அட்மிட் பண்ணச் சொன்னால் என்று மாற்றுத் துணி, தட்டு, தம்ளர் எல்லாம் ஒரு பையில் எடுத்துப் போயிருந்தேன். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு பிஸ்கட் தின்னேன்னு அடிச்சேன்ல," என்றேன். "நீ திங்கல. அம்மாதான் தப்பு."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் திங்கலன்னு."

சொல்லிவிட்டு மறுபடி காலை ஆட்ட ஆரம்பித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். எடை மிஷினில் ஏறினாள். இந்த முறை நர்ஸ் இறங்கி ஏறச் சொல்லவில்லை. டாக்டர் பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தத்தில் அந்த நோயின் அளவு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. அட்மிட் வேண்டாம், குழாய் வேண்டாம், இப்படியே சமைத்துப்போடுங்கள் என்றார். வெளியே வந்து பையைப் பிரித்து, கொண்டுபோயிருந்த தம்ளரில்தான் எல்லோரும் தண்ணீர் குடித்தோம். அடுத்த சனிக்கிழமை விளக்கைத் திருக்கோஷ்டியூருக்குக் கொண்டுபோய்ச் செலுத்தினோம்.

இன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வயது. என் தோளுக்குமேல் வளர்ந்துவிட்டாள். இப்போதும் கோதுமை ஆகாது, சாகும்வரை ஆகாது. அவள் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்வாள். என் சமையலைக் குறை சொல்லவும் பழகிவிட்டாள்.

போன மாதம் நெற்குப்பையிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் ஒரு பையன், அதே மாதிரி குச்சிக் காலும் தள்ளிய வயிறும். "நீங்க விரதமிருந்து கோதுமை நோயையே போக்கிட்டீகளாமே, எத்தனை வாரம் இருந்தீக?" என்று கேட்டாள். அவளுக்கு யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒருவர், பெருங்காயமே விஷமாமே என்று வீட்டில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறார். இன்னொருவர், விரதம் இருந்ததால்தான் பிள்ளைக்கு அப்படி ஆனது என்று சொல்லித் திரிகிறாராம். மூன்றும் என் கதைதான். மூன்றும் பொய். அந்தப் பெண்ணின் பையனை இன்னும் எந்த டாக்டரும் பார்க்கவில்லை. என் கதையை நம்பி அவள் விரதத்தை ஆரம்பித்திருந்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே நானும் அவளோடு மதுரைக்குப் போனேன். அடுத்த நாள் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெருங்காயம் நல்ல பொருள். கோதுமையும் நல்ல பொருள். ஆகாத பிள்ளைக்குத்தான் ஆகாது. அது ஆகுமா ஆகாதா என்று டாக்டர் சொல்ல வேண்டும். ஆகாது என்று சொல்லிவிட்டால், வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பாருங்கள், சாமிக்கென்று வாங்கியதையும் சேர்த்து. பிள்ளை ஒரு சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். சாமியை நான் இன்றைக்கும் விடவில்லை. அவரும் என்னை விடவில்லை.

இப்படி ஒரு பிள்ளை உள்ள வீடு எதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதைப் படிக்கக் கொடுங்கள், இல்லை படித்துக் காட்டுங்கள். பக்தியில் ஒரு அற்புதத்தை இதில் கூட்ட வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு என் தப்பில் ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். எழுதியிருப்பது எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாறினாலும் எங்கோ ஒரு அடுப்படியில் ஒரு தாய் அதை நம்பித்தான் சமைப்பாள்.